குடலிறக்க அறுவைச் சிகிச்சை: வழிகாட்டு நெறிகளும் நோயாளரின் கேள்விகளும்

எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம், காட்டுப்பள்ளி ஆகிய பகுதிகளிலிருந்து குடலிறக்கத்துக்குச் சிகிச்சை பெற வருவோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் சில உண்டு. "என் அண்ணனுக்குத் துளை போட்டுச் செய்தார்கள், எனக்கு மட்டும் ஏன் கீறிச் செய்ய வேண்டும் என்கிறீர்கள்?" "ஒரு மருத்துவர் உடனே அறுவை என்றார்; இன்னொருவர் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். யார் சொல்வதைக் கேட்பது?" "உள்ளே வலை வைப்பார்களாமே, அது உடம்புக்கு ஆகுமா?" "மறுபடி எப்போது மூட்டை தூக்கலாம்?"

இக்கேள்விகள் அனைத்தும் நியாயமானவை. ஒரே நோய்க்கு இருவருக்கு இருவேறு சிகிச்சை சொல்லப்படும்போது மனத்தில் ஐயம் எழுவது இயல்பே. அவ்வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் மருத்துவரின் விருப்பு வெறுப்பு அன்று. அவருக்குப் பின்னால் 'சிகிச்சை வழிகாட்டு நெறிகள்' என்னும் ஓர் ஆவணம் இருக்கிறது. அது என்ன, அது அறுவைக் கூடத்தில் எவற்றையெல்லாம் மாற்றியிருக்கிறது, அதை அறிந்துகொள்வதால் நோயாளருக்கும் குடும்பத்தாருக்கும் என்ன பயன் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

குடலிறக்கம் என்பது யாது?

வயிற்றுச் சுவர் தசைகளும் படலங்களும் அடுக்கடுக்காக அமைந்த ஓர் அரண். ஆண்களுக்கு விந்துக்குழாயும் இரத்தக்குழாய்களும் விதைப்பைக்கு இறங்கிச் செல்வதற்காகக் கவட்டைப் பகுதியில் இயற்கையாகவே ஒரு வழி உண்டு. அவ்வழியோ அதை அடுத்த சுவரோ தளர்ந்தால், வயிற்றின் உள்ளிருக்கும் கொழுப்போ குடலின் ஒரு பகுதியோ வெளித்தள்ளும். நிற்கும்போதும் இருமும்போதும் புடைத்துத் தெரியும். படுத்தால் பெரும்பாலும் உள்ளே சென்றுவிடும். இதையே குடலிறக்கம் என்றும் ஹெர்னியா என்றும் சொல்கிறோம். விதைப்பையில் நீர் கோத்து உண்டாகும் விரைவீக்கம் வேறு நோய்; இரண்டையும் பலர் ஒன்றெனக் கருதுவதுண்டு. தொப்புளிலும், பழைய அறுவைத் தழும்பிலும் குடலிறக்கம் வரலாம். இக்கட்டுரை கவட்டைக் குடலிறக்கத்தைப் பற்றியது.

இது அரிய நோயன்று. தம் வாழ்நாளில் ஆண்களில் நூற்றுக்கு 27 முதல் 43 பேர் வரையிலும், பெண்களில் 3 முதல் 6 பேர் வரையிலும் இதற்கு ஆளாகலாம் என்று பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் கணக்கிடுகின்றன. உலகெங்கும் ஆண்டுதோறும் 2 கோடிக்கும் மேற்பட்ட கவட்டைக் குடலிறக்க அறுவைகள் நடைபெறுகின்றன. குடும்பத்தில் பிறருக்கு இருத்தல், முதுமை, திசுக்களின் பிறவி வலுக்குறைவு ஆகியவை முதன்மைக் காரணங்கள். "சுமை தூக்கியதால் நானே வரவழைத்துக்கொண்டேன்" என்று எவரும் தம்மைக் குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டியதில்லை, மறைக்க வேண்டியதுமில்லை.

வழிகாட்டு நெறி எப்படி உருவாகிறது?

ஒரு மருத்துவர் தம் வாழ்நாளில் சில ஆயிரம் நோயாளர்களைப் பார்க்கலாம். அந்த அனுபவம் மதிப்புடையதே. எனினும் அது ஒருவருடைய அனுபவம். எந்த முறையில் நோய் திரும்ப வருகிறது, எதில் வலி நீடிக்கிறது, எதில் விரைவில் வேலைக்குத் திரும்ப முடிகிறது என்பவற்றை அறிய, பல நாடுகளில் பல்லாயிரம் நோயாளர்களிடம் நடந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்து எடைபோட வேண்டும். வல்லுநர் குழு அப்படி எடைபோட்டு எழுதுவதே வழிகாட்டு நெறி.

ஐரோப்பியக் குடலிறக்கச் சங்கம் 2009 இல் இத்தகைய நெறிகளை வெளியிட்டது. பின்னர் ஆசிய பசிபிக் சங்கம் உள்ளிட்ட பல கண்டங்களின் சங்கங்கள் இணைந்து 'ஹெர்னியாசர்ஜ்' என்னும் குழுவை அமைத்தன. அக்குழுவின் பன்னாட்டு நெறிகள் 2018 இல் வெளியாயின. 2023 இல் அவை புதுப்பிக்கப்பட்டன.

அதிலுள்ள எல்லாப் பரிந்துரைகளும் ஒரே எடை கொண்டவையல்ல. நல்ல சான்று இருக்குமிடத்தில் 'வலுவான பரிந்துரை' என்றும், சான்று போதாத இடத்தில் 'வலுக் குறைந்த பரிந்துரை' என்றும் அக்குழுவே பிரித்துச் சொல்கிறது. இதுவே நோயாளர் அறிய வேண்டிய முதற்செய்தி. வழிகாட்டு நெறி சட்டம் அன்று. மருத்துவர் அதிலிருந்து விலகலாம். ஆனால் ஏன் விலகுகிறார் என்று கேட்டால் விளக்கம் சொல்லும் கடமை அவருக்கு உண்டு. கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அறுவைக் கூடத்தில் என்ன மாறியது?

முதல் மாற்றம் வலை. 1880களில் இத்தாலியைச் சேர்ந்த எதுவார்தோ பசினி, தளர்ந்த சுவரைத் தசையோடு சேர்த்துத் தைத்துச் சீர்செய்யும் முறையை வகுத்தார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அம்முறையும் அதன் வழிவந்த முறைகளுமே கோலோச்சின. அதில் ஒரு குறை இருந்தது. விலகி நின்ற திசுக்களை இழுத்துப் பிடித்துத் தைப்பதால் தையலின்மேல் இழுவிசை விழும். நாளடைவில் அது விட்டுக்கொடுக்கும். 1980களில் அமெரிக்க மருத்துவர் இர்விங் லிக்டென்ஸ்டைன், இழுத்துத் தைக்காமல், தளர்ந்த இடத்தின்மேல் பாலிபுரோப்பிலின் வலையைப் பொருத்தும் முறையைக் கையாண்டு, 1989 இல் 1,000 நோயாளர்களின் விவரத்தை வெளியிட்டார். கடலோரத்தில் வலை செப்பனிடுவோருக்கு இது எளிதில் விளங்கும். கிழிந்த கண்ணின் இரு ஓரங்களையும் இழுத்து முடிச்சிட்டால் பக்கத்துக் கண்கள் இழுபட்டுக் கிழியும். கிழிந்த இடத்தில் புது நூல் கொண்டு கண் பின்னினால் பாரம் பரவி நிற்கும்.

வலை வைத்துச் செய்தால் நோய் திரும்ப வருவது குறைகிறது என்பதற்குச் சான்றுகள் சேர்ந்தன. இன்று வலை வைத்துச் செய்வதே பன்னாட்டு நெறிகளின் பரிந்துரை. வலை வேண்டாம் என்போருக்கு, வலையில்லா முறைகளுள் கனடா நாட்டின் ஷோல்டைஸ் முறையை அந்நெறிகள் முன்வைக்கின்றன.

இரண்டாவது மாற்றம் துளைவழி அறுவை. லேப்ராஸ்கோபி முறையில் சிறு துளைகள் வழியாக வலையைச் சுவரின் உட்புறம் பொருத்துகிறார்கள். வலி குறைவு, வேலைக்கு விரைவில் திரும்பலாம். ஆயினும் அதற்குப் பொது மயக்கம் வேண்டும், கருவிகள் வேண்டும். அம்முறையில் தேர்ந்த கையும் வேண்டும். அத்தேர்ச்சியைப் பெற 50 முதல் 100 அறுவைகள் வரை தேவைப்படலாம். ஆகவே எல்லாருக்கும் பொருந்தும் ஒரே முறை என்று எதுவும் இல்லை என்று நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. அண்ணனுக்குத் துளைவழியும் தம்பிக்குக் கீறலும் சொல்லப்பட்டால், தம்பியின் இதய நோயோ, குடலிறக்கத்தின் அளவோ, முன்பு அதே இடத்தில் செய்த அறுவையோ காரணமாக இருக்கலாம். முன்பு கீறிச் செய்து மீண்டும் வந்திருந்தால் துளைவழியும், முன்பு துளைவழி செய்து மீண்டும் வந்திருந்தால் கீறலும் பொதுவாகப் பொருந்தும். பழைய தழும்புத் திசுவைத் தவிர்ப்பதே இதன் நோக்கம்.

மூன்றாவது மாற்றம் எளிமை. கீறிச் செய்யும் அறுவையை அவ்விடம் மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டே செய்யலாம் என்றும், அதில் பழகிய மருத்துவர் இருப்பின் அதுவே ஏற்றது என்றும் நெறிகள் கூறுகின்றன. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். புடைப்பு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்போது ஸ்கேன் தேவையில்லை. ஐயம் உள்ள இடத்தில் மட்டுமே அது உதவும். தொற்று வாய்ப்புக் குறைந்த சூழலில், வேறு நோயற்றவருக்கு, கீறல் அறுவைக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கட்டாயமில்லை. தொற்று மிகுந்த சூழலில் அது பரிந்துரைக்கப்படுகிறது. வலையைத் தேர்ந்தெடுக்கையில் அதன் எடை குறைவு என்பதை மட்டுமே அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்றும் நெறிகள் சொல்கின்றன. விலை கூடிய வலையைப் பற்றி உங்களிடம் சொல்லப்பட்டால், "இதனால் எனக்குக் கூடுதலாகக் கிடைக்கும் நன்மை என்ன?" என்று கேட்கலாம்.

கொசுவலை சொல்லும் பாடம்

நெறிகள் மேலிருந்து கீழே மட்டும் வருவன என்று எண்ண வேண்டாம். சிற்றூர் மருத்துவமனையிலிருந்து மேலே சென்ற பாடமும் உண்டு.

மகாராஷ்டிர மாநிலத்தில் துலே மாவட்டத்தைச் சேர்ந்த தோண்டாய்ச்சா என்னும் சிற்றூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டோங்காவ்கர், வலை வாங்க இயலாத ஏழை நோயாளர்களைக் கண்டார். தொழிற்சாலையில் செய்த வலையின் விலை அவர்களுக்கு எட்டாதது. கொசுவலைத் துணியும் அதே வகையைச் சேர்ந்த நெகிழி இழையால் ஆனது என்பதை அறிந்து, அதை முறைப்படி நுண்ணுயிர் நீக்கிப் பயன்படுத்தினார். சில ரூபாயில் வலை கிடைத்தது. பல மருத்துவர்களுடன் சேர்ந்து நடத்திய ஆய்வை அவர் 2003 இல் இந்திய அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டார்.

ஒரு நல்ல யோசனை, நல்ல சான்றாக உறுதிப்பட வேண்டும். உகாண்டா நாட்டில் 302 ஆண்களைக் கொண்டு ஆய்வு ஒன்று நடந்தது. ஒரு பாதியினருக்கு மலிவு வலையும் மறு பாதியினருக்கு விலை மிகுந்த வலையும் வைத்துத் தைத்தனர். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. ஓராண்டுக்குப் பின் மலிவு வலைப் பிரிவில் ஒருவருக்கு மட்டுமே நோய் திரும்பியது. மற்றப் பிரிவில் எவருக்கும் இல்லை. இருபிரிவுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்று 2016 இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வெளியாயிற்று. அதன் பின்னர் வந்த பன்னாட்டு நெறிகள், வசதி குறைந்த இடங்களில் மலிவு வலையைப் பயன்படுத்தலாம் என்று ஏற்றுக்கொண்டன.

இதில் ஓர் எச்சரிக்கை தேவை. கடையில் விற்கும் கொசுவலை அப்படியே உடலில் வைக்கத் தக்கதன்று. இழையின் வகை, நுண்ணுயிர் நீக்கும் முறை, மருந்து பூசாத துணி ஆகிய அனைத்தையும் மருத்துவமனை உறுதிசெய்த பின்னரே அது சிகிச்சைப் பொருளாகிறது.

காத்திருக்கலாமா?

வழிகாட்டு நெறிகளில் நம் பகுதி மக்களை மிகவும் தொடும் கேள்வி இதுதான். வட அமெரிக்காவில் தொல்லை ஏதும் இல்லாத அல்லது மிகக் குறைந்த தொல்லையுள்ள 720 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2006 இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு அறுவை செய்தார்கள். மற்றொரு பிரிவினரைக் கண்காணிப்பில் வைத்தார்கள். காத்திருந்தோரில் குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து, 1,000 பேரை ஓராண்டு கண்காணித்தால் 1.8 பேர் என்ற அளவில் மிகக் குறைவாகவே இருந்தது. ஆகவே தொல்லையற்ற ஆண்கள் காத்திருப்பது பாதுகாப்பானதே என்று முடிவு செய்தனர். எனினும் அவர்களை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்தபோது, பத்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ 68 விழுக்காட்டினர் பெரும்பாலும் வலி மிகுந்ததால் அறுவைக்கு வந்துவிட்டனர் என்பது 2013 இல் தெரிந்தது.

காட்டுப்பள்ளியில் வாழும் ஒருவருக்கு இச்சான்று எப்படிப் பொருந்தும்? கடலுக்கும் கொற்றலை ஆற்றுக் கழிமுகத்துக்கும் இடைப்பட்ட மணல்திட்டு அவ்வூர். அங்கே 2013 முதல் சரக்குப் பெட்டகத் துறைமுகம் இயங்குகிறது. துறைமுகத்தில் நாள்கூலிக்குச் சுமை கட்டுபவர் ஒருவருக்குச் சிறு புடைப்பு இருக்கிறது, வலி இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஏட்டின்படி அவர் காத்திருக்கலாம். ஆனால் அவர் மூன்று கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் வலியை உண்மையிலேயே உணரவில்லையா, அல்லது வேலை போய்விடும் என்று அஞ்சி வலியை மறைக்கிறேனா? நள்ளிரவில் குடல் சிக்கிக்கொண்டால், கண்டெய்னர் லாரிகள் நிற்கும் சாலையைக் கடந்து எவ்வளவு நேரத்தில் அறுவை வசதியுள்ள மருத்துவமனையை அடைவேன்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட என்னால் இயலுமா?

காசிமேட்டிலிருந்து பல நாள் ஆழ்கடல் தங்கலுக்குச் செல்லும் மீனவருக்கு இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. கரையை எட்டவே பல மணி நேரம் ஆகும் இடத்தில் குடல் சிக்கினால், அந்நேரமே உயிருக்கு விலையாகலாம். ஆய்வில் காத்திருந்தவர்களை மருத்துவர்கள் கண்காணித்துவந்தார்கள். தொல்லை வந்தால் செல்ல அவர்களுக்கு மருத்துவமனையும் இருந்தது. காத்திருப்பைப் பற்றி நோயாளரோடு பேசும்போது அவருடைய உடல்நிலையோடு வாழ்க்கைச் சூழலையும் கருத வேண்டும் என்று நெறிகளே சொல்கின்றன. ஆகவே உங்கள் வேலை, ஊர், வீட்டில் துணை இருப்போர் ஆகியவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால், உங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தாத ஒரு முடிவை அவர் நல்லெண்ணத்தோடே எடுத்துவிடக்கூடும்.

காத்திருக்கலாம் என்னும் விதி சிலருக்குப் பொருந்தாது. பெண்களுக்குக் கவட்டையில் புடைப்பு வந்தால் காலந்தாழ்த்தாமல் அறுவை செய்வதே நெறி. தொடையை ஒட்டி வரும் வகை அவர்களுக்கு மிகுதி, அது சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் மிகுதி. குழந்தைகளின் கவட்டைக் குடலிறக்கத்துக்கும் விரைவில் அறுவை தேவை. அவர்களுக்கு வலை வைப்பதில்லை.

வலி பற்றி ஒரு சொல்

அறுவைக்குப் பின் நூற்றுக்கு 10 முதல் 12 பேருக்கு ஓரளவு வலி மூன்று மாதத்துக்கு மேலும் நீடிக்கலாம் என்று நெறிகள் குறிப்பிடுகின்றன. அன்றாட வாழ்வைப் பாதிக்கும் வலி அதனினும் குறைந்தோர்க்கே வரும். இதை அறுவைக்கு முன்பே சொல்ல வேண்டியது எங்கள் கடமை. தொல்லையே இல்லாதவர் அறுவைக்கு இசையும்முன் இதையும் தராசில் வைக்க வேண்டும்.

எப்போது வேலைக்குத் திரும்பலாம்?

மூன்று மாதம் எதையும் தூக்கக் கூடாது என்ற அறிவுரையைப் பலர் கேட்டிருப்பீர்கள். உடல் இசைவாக உணர்ந்தவுடன் வழக்கமான வேலைகளைத் தொடங்கலாம் என்பதே இன்றைய நெறி. நடப்பது, படியேறுவது, வீட்டு வேலை ஆகியவற்றைச் சில நாள்களிலேயே தொடங்கலாம். மூட்டை தூக்குதல், சங்கிலி இழுத்தல் போன்ற கடும் வேலைக்குத் திரும்பும் நாளை மட்டும் மருத்துவரைக் கண்டு, காயத்தைக் காட்டி முடிவு செய்யுங்கள். "வேலை" என்று பொதுவாகச் சொல்லாமல், எத்தனை கிலோ, ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று சொல்லுங்கள்.

இழக்கும் கூலியை எண்ணியே பலர் அறுவையைத் தள்ளிப்போடுகிறார்கள். ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்கள், பங்களிப்பு நாள்கள் நிறைவாக இருப்பின், மருத்துவச் சான்றின்பேரில் ஊதியத்தில் 70 விழுக்காட்டை ஓர் ஆண்டில் 91 நாள் வரை நோய்க்கால உதவியாகப் பெறலாம். ஒப்பந்தத் தொழிலாளராயினும் உங்கள் பெயரில் ஈ.எஸ்.ஐ. எண் உள்ளதா என்று கேட்டறியுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளோர் அதை உடன் கொண்டுவந்து, தங்கள் சிகிச்சை அதில் அடங்குமா என்பதைக் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இராயபுரம் பக்கத்து மக்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அண்மையில் உள்ளது.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

புடைப்பு உள்ளே போகாமல் கெட்டியாகி வலித்தல், அதன் மேல்தோல் சிவத்தல் அல்லது கறுத்தல், வாந்தி, வயிறு உப்புதல், மலமும் வாயுவும் பிரியாமை. இவற்றுள் எது தோன்றினும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. வீட்டில் அழுத்தி உள்ளே தள்ள முயலாதீர்கள். எண்ணெய் தடவி உருவாதீர்கள். உண்ணவும் பருகவும் கொடுக்காதீர்கள். 108 ஆம்புலன்சை அழையுங்கள். சிக்கிய குடலுக்கு இரத்த ஓட்டம் நின்றால், சில மணி நேரத்தில் அப்பகுதி அழுகத் தொடங்கும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

அடுத்த முறை வரும்போது இவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

1. எனக்கு இப்போதே அறுவை தேவையா, காத்திருக்கலாமா? காத்திருந்தால் எப்போது மறுபடி காட்ட வேண்டும்?
2. எனக்குக் கீறல் முறையா, துளைவழி முறையா? ஏன்?
3. அம்முறையில் அறுவை செய்பவருக்கு எவ்வளவு பழக்கம் உண்டு?
4. எந்த மயக்க முறை? அன்றே வீடு திரும்பலாமா?
5. எந்த வலை? அதன் விலையை யார் ஏற்பார்?
6. நீடித்த வலி வந்தால் யாரிடம் காட்டுவது?
7. என் வேலைக்கு எந்நாளில் திரும்பலாம்? சான்றிதழ் கிடைக்குமா?

இக்கேள்விகளைக் கேட்டால் மருத்துவர் மனம் நோவார் என்று தயங்க வேண்டாம். வழிகாட்டு நெறிகளை எழுதியவர்களும் இதே கேள்விகளைத் தங்களுக்குள் கேட்டே விடை தேடினார்கள். அவ்விடைகளில் உங்களுக்குப் பொருந்துவது எது என்பதைத் தெரிந்தெடுக்க எங்களுக்கு உங்கள் துணை வேண்டும். புடைப்பை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு இன்னொரு மாதம் மூட்டை தூக்குவதைவிட, ஒரு காலைப் பொழுதை ஒதுக்கிப் புறநோயாளர் பிரிவுக்கு வந்து செல்லுங்கள். வரும்போது வீட்டார் ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள். சொல்வதைக் கேட்க நான்கு காதுகள் இருப்பது நல்லது.